ஜெசிந்தாவும் குறட்டானும்

இருபத்து நாலு வருஷமாக ஒரே நிறுத்தத்தில் இறங்குகிற ஒரு பெண்மணி, ஒரு சாயங்காலம் அந்த நிறுத்தத்தைக் கோட்டை விட்டாள் என்றால் அதற்குப் பெரிய காரணம் ஏதாவது இருக்க வேண்டும். ஜெசிந்தாவுக்கு இருந்தது. நண்டுகள் நடத்தும் ஒரு தபாலாபீசில் அவள் மாட்டிக்கொண்டிருந்தாள். மாமல்லபுரத்தில் பஸ் ஏறினவள் நெம்மேலியில் இறங்க வேண்டும். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினபோது திருவிடந்தை வந்திருந்தது. "இன்னாக்கா, தூங்கிட்டியா?" என்றார் கண்டக்டர். தூங்கவில்லை, கதை படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் ஆமாம் என்று தலையாட்டி இறங்கினாள். எதிர்ப்பக்கம் பஸ் பிடித்தாள். அதிலும் படித்தாள். அதிலும் நெம்மேலியை விட்டாள்.

சிரிக்காதீர்கள். நாற்பத்து மூன்று வயதில் முதல் கதைப் புத்தகம் கைக்கு வந்தால் உங்களுக்கும் இதே கதிதான்.

ஜெசிந்தாவின் அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். அந்த நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் விடுதியாகி, நீச்சல் குளமாகிப் போனபோது பிள்ளைகள் ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஜெசிந்தா, பத்தொன்பது வயதில் மாமல்லபுரத்தில் ஹரிஹரன் ஸ்தபதியின் சிற்பப் பட்டறைக்கு பாலிஷ் வேலைக்கு வந்து சேர்ந்தாள். ஆண்கள் செதுக்கி முடித்த சிலையைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற வேலை அது. நம் முகம் அதில் தெரிகிறவரை தேய்க்க வேண்டும். தேய்த்த கை சும்மா இருக்குமா? கழித்துப் போட்ட கல்லில் யாரும் பார்க்காதபோது ஒரு தாமரை செதுக்கினாள், ஒரு தவளை, அப்புறம் ஒரு யானைக்குட்டி. ஸ்தபதி பார்த்தார். கை வாகு இருக்கிறது என்றார். அதோடு விட்டுவிட்டார், மகராசன்.

சின்னச் சின்ன உருப்படிகளை அவளிடம் கொடுக்க ஆரம்பித்த பிறகும் ஒன்று மட்டும் அவள் கைக்கு வரவில்லை. கண். அந்தப் பட்டறையில் சாமி சிலையானாலும் சரி, தோட்டத்தில் வைக்கிற வாத்தானாலும் சரி, கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். சிலை புறப்படுகிற நாள் காலையில் அதைக் கிழக்கே திருப்பி வைத்து, மூத்த சிற்பி பன்னீர்செல்வம் குளித்து, நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு உளியை எடுப்பார். ஜெசிந்தா ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு தவளைக்காக, நான் திறக்கட்டுமா என்று கேட்டாள். பன்னீர்செல்வம் நல்ல மனுஷர், திட்டவில்லை, சிரித்தார். உளியை மட்டும் கொடுக்கவில்லை. ரோஷக்காரி ஜெசிந்தா மறுபடி கேட்கவேயில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில், குருடனுக்குப் பார்வை கொடுத்த பிரசங்கத்தை போதகர் சொல்லும்போதெல்லாம் அவள் விரல்கள் மடியில் இல்லாத உளியைப் பிடித்துக்கொள்ளும்.

போன தை மாதம் வசுமதி என்றொரு அம்மாள் பட்டறைக்கு வந்தார். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை, ஐம்பத்திரண்டு வயது, கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்கேல். அப்படிப்பட்டவர் கேட்டதோ ஒரு குழந்தைக் கதையில் வருகிற குறட்டான் என்கிற யாளிக்குச் சிலை. 'குறட்டைத் தீவு' என்று ஒரு புத்தகமாம். வந்து அறுபது வருஷம் ஆகிறதாம். அதைப் பிள்ளை வயதில் படித்துப் பித்துப் பிடித்தவர்கள் அறுபது எழுபது பேர், வருஷத்துக்கு ஒருமுறை கடற்கரையில் கூடுவார்களாம். கூடி? அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சண்டை போடுவார்களாம். இந்த வருஷம் திருவிடந்தையில் ஒருவரின் தோட்டத்தில் சிலை வைத்துவிட்டுச் சண்டை போடப் போகிறார்கள்.

யாளி என்றதும் ஸ்தபதிக்கு வாயெல்லாம் பல். பிடரி இத்தனை, துதிக்கை இத்தனை, முழி இத்தனை என்று அளவு சொல்ல ஆரம்பித்தார். வசுமதி குறுக்கிட்டு, முழி வேண்டாம், கண் மூடியிருக்க வேண்டும் என்றார். நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதியிருக்கிறதாம்: 'குறட்டானின் கண்கள் ஒருநாளும் திறந்ததில்லை.' ஸ்தபதிக்கு முகம் சுருங்கிவிட்டது. கண் மூடின யாளியைச் செதுக்கினால் செத்துப்போன அப்பா எழுந்து வந்து அடிப்பார் என்றார். பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். ஆண்கள் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்துத் தலை போகிற வேலை வந்துவிட்டது. கடைசியில் அவர் பார்வை, தலையிலிருந்து கால்வரை கல்தூசியோடு நின்ற ஜெசிந்தாமேல் விழுந்தது. கண் திறக்க வேண்டாத சிலை. அவளிடம் கொடுத்தால் எந்த வழக்கமும் கெடாது.

"ஏம்மா, நீ செய்றியா? அவங்க மனசுக்குப் புடிச்சிப் போய்ச் சேந்துடுச்சின்னா இனிமே நீ பாலிஷு இல்ல. சிற்பி."

ஜெசிந்தா கல்தூசிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். சந்தோஷம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் நெஞ்சுக்குள் சுருக்கென்றும் இருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்து முழுசாக ஒரு சிலை வருகிறது, அதற்குக் கண்ணே கிடையாது. ஆண்டவருக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு என்று நினைத்துக்கொண்டு சரியென்றாள்.

வசுமதி முதலில் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. யாளியைப் பற்றி வருகிற பதினொரு பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். பிடரி எந்தப் பக்கம் சுருண்டிருக்கும், குறட்டை விடும்போது கீழுதடு எப்படித் துடிக்கும், தொப்பை எவ்வளவு தூரம் மணலில் பரவும், எல்லாம் அதில் இருந்தது. பதினோராவது பக்கத்தின் கடைசி வரியில் தேனு என்கிற சிறுமி குறட்டானின் காதுக்குள் குனிந்து, 'குறட்டான், இன்றைக்கு நாம்' என்று ஆரம்பித்தாள். அங்கே தாள் முடிந்துவிட்டது. ஜெசிந்தா தாளைத் திருப்பிப் பார்த்தாள். வெறும் வெள்ளை. சிலைக்கு அந்த வரி தேவையே இல்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் போனைப் போட்டாள்.

"மேடம், இன்னிக்கி இன்னா?"

மறுநாள் காலை கல்பாக்கம் போகிற வழியில் வசுமதி பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, பழுப்பு அட்டை போட்ட தன் சொந்தப் பிரதியை ஜெசிந்தாவின் கையில் திணித்துவிட்டுப் போனார். ஒன்பது வயதில் பிறந்தநாளுக்கு வந்த பிரதி அது. அதை அவர் பெற்ற பெண்ணுக்கே இரவல் கொடுத்ததில்லையாம்.

கதை இதுதான். கடலுக்கு நடுவே ஒரு தீவு. உண்மையில் அது தீவில்லை, தூங்குகிற ஒரு யாளியின் முதுகு. படகு கவிழ்ந்து அங்கே ஒதுங்கின தேனு அவன் காதில் எதைச் சொன்னாலும் அவன் அதையே கனவு காண்பான். அவன் கனவு கண்டது அங்கே நடந்துவிடும். வெல்ல உருண்டையாக மழை பெய்யும். நண்டுகள் தபாலாபீசு நடத்தும், தந்தி கொடுக்கும். நிழல்களை மூட்டை கட்டி விற்கிற சந்தை கூடும். ஒரே ஒரு நிபந்தனை: குறட்டான் கண்ணைத் திறந்தால் தீவும் போச்சு, நண்டும் போச்சு, தேனுவும் போச்சு. இருநூற்றுப் பதினாலு பக்கமும் அவள் அவனைத் தூங்கவைக்கப் படாத பாடு படுகிறாள். கடைசி வரி: 'குறட்டை நின்றது. இமை அசைந்தது.' அவ்வளவுதான், முற்றும் என்று போட்டுவிட்டார் கதை எழுதின மனுஷர். அறுபது வருஷமாக ஊரே மண்டையை உடைத்துக்கொள்வது அந்த இமைக்காகத்தான்.

பஸ்ஸில் படித்தது போதாமல் ஜெசிந்தா வீட்டிலும் படித்தாள். அவள் புருஷன் பெஞ்சமின் கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலையில் ஒப்பந்த எலெக்ட்ரீஷியன். செய்தி போட்டால் தலைப்புச் செய்தியிலேயே தூங்கிவிடுகிறவர், தேனு காதில் சொன்னதும் கடல் இளநீராக மாறின இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நாங்க அம்மாம் மிசினு வச்சிகினு நாளெல்லாம் உப்பு எடுத்துகினு கீறோம், இவ காதுல சொன்னா முடிஞ்சிடுச்சா?" என்று சண்டைக்கு வந்தார். சரி, நிறுத்திவிடட்டுமா என்று அவள் கேட்டால் வேண்டாம், மேலே படி என்றார்.

பட்டறையிலும் தொற்றிக்கொண்டது. டீ வேளையில் ஒரு மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவளை, சத்தம் போட்டுத்தான் படியேன் என்றார்கள். படித்தாள். அன்றிலிருந்து நாலு மணிக்கு கிரைண்டர்கள் தானாக நின்றன. முரட்டு ஆட்கள் முகமெல்லாம் வெள்ளைத் தூசியோடு, கையில் டீ ஆறிப்போக உட்கார்ந்து கேட்டார்கள். சந்தையில் தேனு தன் நிழலையே தவறுதலாக விற்றுவிட்ட அன்று ஒருவர் மூக்கைச் சிந்திவிட்டுத் தூசி என்றார். ஸ்தபதி இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. தள்ளி நாற்காலி போட்டு போனைப் பார்ப்பதுபோல இருந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு, கும்பிடு போட்டவளிடம் பதில் கும்பிடுகூடப் போடாமல், அந்த நண்டு கொடுத்த தந்தி போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று கேட்டார்.

இத்தனை பேரிலும் கதை கேட்காதவர் ஒரே ஒருவர்தான். பன்னீர்செல்வம். கல்லைப் புரட்டி வைத்த வாரமே மதுராந்தகம் பக்கம் ஒரு கோயில் வேலைக்குப் போனவர் மூன்று மாதம் அங்கேயே தங்கிவிட்டார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அன்றைக்கு யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

குறட்டான் வளர்ந்தான். இரண்டடி உயரம், மூன்றரை அடி நீளம், கருங்கல். சுருள் சுருளாகப் பிடரி. தொப்பையைத் தொட்டால் அமுங்கிவிடுமோ என்று இருக்கும். எச்சில் ஒழுகும் வாய். இமை இரண்டையும் ஜெசிந்தா கடைசிவரை விட்டு வைத்து, ஒரு வாரம் முழுக்கத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க, உள்ளே முழி உருளுகிற மாதிரியே தோன்றும். 'இமை அசைந்தது' என்று முணுமுணுத்துக்கொள்வாள். ஒரு கோடு, ஒரு வட்டம் போதும். கை துறுதுறுவென்று வரும். நாற்பத்தோராம் பக்கத்தை நினைத்துக்கொண்டு கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வாள். அவ்வளவு ஆசை, அவ்வளவு கட்டுப்பாடு. என்னால் முடியாது, சாமி.

சிலை புறப்படுகிற சனிக்கிழமை காலை. டெம்போக்காரர் வழி தெரியாமல் சுற்றுகிறார் என்று ஜெசிந்தா மெயின் ரோட்டுக்கு ஓடினாள். மற்றவர்கள் தூக்குகிற வேலைக்கு முன்னால் நாஸ்தாவுக்குப் போயிருந்தார்கள். ஸ்தபதி பூஜையில் இருந்தார். டெம்போவோடு திரும்பி வந்தபோது அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரிகிற சத்தம். செருப்பை உதறிவிட்டு ஓடினாள்.

முதல்நாள் ராத்திரிதான் ஊர் திரும்பின பன்னீர்செல்வம், குளித்து, பட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, குறட்டானுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். இடது கண் முடிந்திருந்தது. தூசியை வாயால் ஊதிவிட்டு வலது கண்ணுக்கு உளியைக் கொண்டுபோனவரின் மணிக்கட்டை ஜெசிந்தா எட்டிப் பிடித்தாள். அவர் அவளைப் பார்த்துப் பாசமாகச் சிரித்தார்.

"பயப்படாத ஜெசி. நீ மறந்துட்ட, நா பாத்துக்கினேன். கண்ணு தெறக்காம ஒண்ணுகூட இங்கேர்ந்து போனதில்ல, உன்னுது மட்டும் குருடா போவணுமா?"

அடப்பாவி மனுஷா. இருபத்து நாலு வருஷத்தில் அவர் அவளுக்காகச் செய்த ஒரே உபகாரம் அது.

நாஸ்தா முடித்து வந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கண் மூடித்தான் இருக்க வேண்டும் என்று வசுமதி கேட்டதை அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கமாக அவருக்குக் கதையைச் சொன்னார்கள். பன்னீர்செல்வம் தரையில் சரிந்து உட்கார்ந்து, ஐயையோ, பாவி ஆயிட்டேனே என்று முகத்தை மூடிக்கொண்டார். மூடின கைக்குள்ளிருந்தே, அந்தப் பொண்ணு நிழல் திரும்பக் கிடைத்ததா என்றும் கேட்டார்.

ஸ்தபதி வந்தார், பார்த்தார். கல்லில் போட்ட கோட்டை அழிக்க முடியாது. கல்லில் கீறல் விழுந்துவிட்டது என்று போன் பண்ணிச் சொல்லிவிடலாம், வேறு கல்லில் நானே செய்து கொடுத்துவிடுகிறேன் என்றார். நானே என்ற அந்த வார்த்தை ஜெசிந்தாவுக்கு எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. அழுதாள். மூன்று மாதத்து வேலை. அழுதபடியே குறட்டானைப் பார்த்தாள். வலது பக்கம் சொக்கித் தூங்குகிறான். இடது பக்கம், பளபளக்கும் கறுப்பில் புதிதாய்ச் செதுக்கின சாம்பல் வட்டத்தோடு, அரைக்கண்ணால் திருட்டு முழி முழிக்கிறான். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவே முடியவில்லை.

"ஏத்துங்க வண்டில," என்றாள். "நா செஞ்ச செல. வேணாம்னா அவங்க வாயால சொல்லட்டும்."

டெம்போவின் பின்னால் சிலைக்கு ஒரு பக்கம் ஜெசிந்தா, மறுபக்கம் பன்னீர்செல்வம். சும்மா வருவானேன் என்று, விட்டுப்போன கதை முழுவதையும் அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஈ.சி.ஆரில் பைக்கில் போகிற பையன்கள் குறட்டானைப் பார்த்துக் கையாட்டினார்கள். நெம்மேலி நிறுத்தத்தில் அவள் தெருப் பெண்கள், ஜெசி எங்க போறா, யாரு அந்தத் தூங்குமூஞ்சி என்று கூவினார்கள். திருவிடந்தையில் வண்டி உள்தெருவுக்குத் திரும்பும்போது கடைசி வரியைச் சொல்லி முடித்தாள். பன்னீர்செல்வம் சிலைமேல் துணியை இழுத்துப் போர்த்தினார். அப்புறம், "அப்ப அவன் முழிச்சானா, இல்லியா?" என்று அதட்டலாகக் கேட்டார். போச்சு, இன்னொரு ஆள் காலி.

கடலைப் பார்த்த தோட்டத்தில் கூட்டம் காத்திருந்தது. ஏழு வயதிலிருந்து எழுபது வயது வரை, எல்லோர் கழுத்திலும் காகிதப் பிடரி. வங்கி மேலாளர் ஒருவர் காகிதத் துதிக்கையே மாட்டியிருந்தார். சிலையை இறக்கிக் கடலைப் பார்க்க வைத்தார்கள். வசுமதி துணியை இழுத்தார்.

காகிதப் பிடரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முன்னால் குனிந்தன. வசுமதி வலது பக்கம் போய் நின்று பார்த்தார். இடது பக்கம் போய் நின்று பார்த்தார். யார் திறந்தது என்று கேட்டார். நான்தான் அம்மா என்று பன்னீர்செல்வம் முன்னால் வந்தார். அவர் முடிப்பதற்குள் ஜெசிந்தா குறுக்கே வந்து நின்றாள்.

"செல என்னுது மேடம். எதா இருந்தாலும் என்ன கேளுங்க."

அப்போது எழுபது வயது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பொத்தென்று மணலில் உட்கார்ந்துவிட்டார். மயக்கமோ என்று ஓடினால், மனுஷர் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். அடுத்த வரி, அடுத்த வரி என்று குறட்டானைக் காட்டுகிறார். அவ்வளவுதான், கூட்டம் உடைந்தது. முழித்துவிட்டான் என்று ஒரு கூட்டம் இடது பக்கம் ஓடியது. எங்கே, தூங்குகிறான் பார் என்று இன்னொரு கூட்டம் வலது பக்கம் இழுத்தது. நடிக்கிறான், அறுபது வருஷமாக நடித்திருக்கிறான் என்றாள் ஏழு வயதுக்காரி. வங்கி மேலாளரின் துதிக்கை கிழிந்தது. குழந்தைகளும் பெரியவர்களுமாகச் சிலையைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள், யார் குழந்தை யார் பெரியவர் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி.

வசுமதி மட்டும் ஓடவில்லை. ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒம்பது வயசுலேர்ந்து அந்த இமையை நான்தான் பிடிச்சு மூடி வச்சுக்கிட்டிருக்கேன், ஜெசிந்தா. விட்டா எல்லாம் மறைஞ்சு போயிடும்னு. கை வலிக்குது. அந்தக் கண்ணையும் திறந்துடுங்க."

ஜெசிந்தா பன்னீர்செல்வத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இடுப்பிலிருந்து சுத்தியலையும் உளியையும் உருவி, அவள் பக்கம் நீட்டினார். அவர் கைச்சூடு உளியில் இன்னும் இருந்தது.

அவள் மண்டி போட்டு உட்கார்ந்தாள். ஓடினவர்கள் நின்றார்கள். உலகம் கரைந்தாலும் கரையும் என்று ஏழு வயதுக்காரி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தலைமையாசிரியர் வங்கி மேலாளரைக் கட்டிக்கொண்டார். பன்னீர்செல்வம் தாழ்ந்த குரலில், நேராக இருக்காதே ஜெசி, முதல் பார்வை உக்கிரமாக இருக்கும், பக்கவாட்டில் ஒதுங்கி அடி என்றார். பட்டறையில் கண் திறக்கும்போது அவரும் அப்படித்தான் ஒதுங்கிக்கொள்வார்.

ஜெசிந்தா ஒதுங்கவில்லை. முதலில் கோடு. அப்புறம் வட்டம். கடைசி டிக் விழுந்ததும் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோய்த் தூசியை ஊதினாள். குறட்டான் முழித்தான். கடல் அங்கேயே இருந்தது, டெம்போ இருந்தது, வசுமதி இருந்தார். அவன் கண்ணுக்கு நேர் எதிரே, ஒரு சாண் தூரத்தில், மூக்கெல்லாம் கல்தூசியோடு ஜெசிந்தா இருந்தாள்.

"பாருடா," என்றாள் அவனிடம். "நல்லா பாத்துக்கோ. நாந்தான்."